பில்டர் மாற்றிய வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?



இம்முறை சத்துணவைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ எழுதவில்லை. வண்டியைப் பற்றி எழுதுகிறேன். "வெல்பெயார் ஐயாவுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் சிரிக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இன்று நம்முடைய லயத்துப் பிள்ளைகளில் பலர் ஓட்டோ ஓட்டுகிறார்கள், வேன் வைத்து ஹயர் ஓடுகிறார்கள். ராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தாலும், ஒரு தாய்க்குப் பிரசவ வலி வந்தாலும், பாம்பு கடித்தாலும் நாம் முதலில் தட்டுவது அந்த வீட்டுக் கதவைத்தான். அந்த நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது டிரைவருடைய பிரச்சினை மட்டுமல்ல, தோட்டத்துப் பிரச்சினை.

நான் மெக்கானிக் அல்ல. கீழே எழுதியிருப்பவை எங்கள் பகுதியில் நாற்பது வருடமாக லொறி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடமும், கராஜ் வேலை தெரிந்த தம்பிமாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை. எதற்காகக் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ராத்திரி நடந்தது

2023 ஆம் ஆண்டு நவம்பர் மாதம். நல்ல மழை. சனிக்கிழமை பின்னேரம் எங்கள் மேல் டிவிசனில் வேன் வைத்திருக்கும் தம்பி, டீசல் பில்டரைத் தானே மாற்றினார். புது பில்டர் பூட்டி, ஸ்டார்ட் செய்து, இரண்டு வளைவு ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லாம் சரி என்றுதான் நினைத்தார்.

அன்று இரவு இரண்டு மணிக்கு ஒரு தங்கச்சிக்கு வலி கண்டுவிட்டது. என்னையும் எழுப்பினார்கள். தங்கச்சியையும் அவரின் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்டது. என்ஜின் ஒரு நிமிடம் நன்றாக ஓடியது. லயத்துக்குக் கீழே உள்ள முதல் வளைவில் இரண்டு மூன்று தடவை இடறி நின்றுவிட்டது. பிறகு ஸ்டார்ட் ஆகவே இல்லை.

தம்பி பதறிப்போய் விடாமல் செல்ப் அடித்தார். அரை மணித்தியாலத்தில் பெட்டரி செத்துவிட்டது. மழையில் பத்துப் பேர் தள்ளினோம். அதற்கும் அசையவில்லை. அப்போதுதான் யாரோ போய் அந்த லொறிக்காரப் பெரியப்பாவை எழுப்பிக்கொண்டு வந்தார்கள். அவர் டோர்ச் லைட்டோடு வந்து, வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, கடைசியா எதைக் கழட்டின?"

"பின்னேரம் பில்டர் மாத்தினேன் பெரியப்பா."

"அப்ப வேற எங்கயும் போகாத. அங்கயே பாரு."

பில்டருக்கு மேலே இருக்கும் கைப்பம்பை அவர் அமுக்கிப் பார்த்தார். எவ்வளவு அமுக்கியும் அது இறுகவில்லை, மெத்தென்றே இருந்தது. பில்டரைக் கழற்றினார். பழைய பில்டரின் ரப்பர் வளையம் மேல் மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே புது வளையத்தை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஒரு வளையம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு. அந்த இடுக்கால் காற்றுப் போய்க்கொண்டிருந்தது.

பழைய வளையத்தை எடுத்தெறிந்து, பில்டரைத் துடைத்துப் பூட்டி, கைப்பம்ப் கல் மாதிரி இறுகும்வரை அடித்தார். பெட்டரி இல்லாததால், தங்கச்சியை இறக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, வேனை இறக்கத்தில் உருட்டி இரண்டாம் கியரில் விட்டார்கள். பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது மணி மூன்றே முக்கால். உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

ஒரு ரப்பர் வளையத்துக்காக ஒன்றரை மணித்தியாலம் போனது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்தப் பிள்ளை ரோட்டில்தான் பிறந்திருக்கும்.

காற்றுக்கும் டீசலுக்கும் என்ன பகை?

டீசல் என்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று இறுக்கப்படும்போது அது கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பூஞ்சாரலாகப் பீய்ச்சினால் தானாகவே எரிகிறது. டீசல் வரும் வழி இதுதான்: டாங்கி, அங்கிருந்து பைப், பில்டர், பெரிய பம்ப், பம்பிலிருந்து ஒவ்வொரு நொசிலுக்கும் போகும் மெல்லிய இரும்புக் குழாய், கடைசியில் நொசில்.

நொசில் திறப்பதற்குப் பெரிய அமுக்கம் வேண்டும். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று சுமார் 30 இறாத்தல். பழைய டீசல் என்ஜினின் நொசில் திறக்க 1,500 இறாத்தல் அளவோ அதற்கும் மேலோ தேவை. டீசலை அமுக்கினால் அது சுருங்காது, அந்த அமுக்கம் அப்படியே நொசிலுக்குப் போகும். காற்றை அமுக்கினால் பந்து மாதிரி சுருங்கிக்கொள்ளும். ஆகவே குழாயில் காற்று இருந்தால் பம்ப் என்னதான் வேலை செய்தாலும் நொசில் திறக்காது. இதைத்தான் டிரைவர்மார் "எயார் பிடிச்சிருச்சு" என்று சொல்கிறார்கள்.

அப்படியானால் முதலில் ஒரு நிமிடம் ஓடியது எப்படி? பம்பில் ஏற்கனவே நின்ற டீசலில்தான் ஓடியது. பில்டர் பக்கத்தில் காற்றுப் போகும் இடைவெளி இருந்தால், வண்டி சும்மா நிற்கும் நேரத்தில் குழாயில் உள்ள டீசல் மெல்ல டாங்கிக்குத் திரும்பி இறங்கிவிடும். ஆகவே "நேத்து ஓடிச்சே" என்பதை நம்பக்கூடாது. வேலை செய்த அன்று ஓடி, அடுத்த நாள் விடியற்காலை நின்றுபோவதுதான் இந்தக் கோளாறின் அடையாளம்.

முதலில் செய்யவேண்டியது: செல்ப் அடிப்பதை நிறுத்துங்கள்

ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் செல்ப் அடிக்க வேண்டாம். அடித்தால் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். மூன்று தடவையில் பிடிக்காவிட்டால் நாலாவது தடவையும் பிடிக்காது. பெட்டரிதான் போகும், செல்ப் மோட்டரும் சூடாகிக் கெட்டுப்போகும். காரணத்தைத் தேடுவதற்குப் பெட்டரி வேண்டும்.

அந்த மூன்று தடவைக்குள் ஒருவர் பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்கட்டும். இது காசு செலவில்லாத சோதனை.

புகையே வரவில்லை என்றால்: சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. காற்று, அடைப்பு அல்லது மூடிய வழி.

வெள்ளைப் புகை வருகிறது என்றால்: டீசல் போகிறது, எரியவில்லை. பெட்டரி பலமில்லாமல் என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது ஹீட்டர் பிளக் வேலை செய்யவில்லை. நுவரெலியா, அக்கரப்பத்தனைப் பக்கம் தை மாதக் குளிரில் இது அடிக்கடி வரும். சாவியைப் போட்டு, ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகு செல்ப் அடியுங்கள்.

டீசல் வண்டி: ஒழுங்காகப் பார்க்கும் முறை

பெரியப்பா சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். சுலபமானதை முதலில் பார்ப்பதுதான் முறை.

1. டாங்கியில் டீசல் உண்மையிலேயே இருக்கிறதா? மீற்றர் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். டாங்கியைக் கழற்றிப் பூட்டியிருந்தால் முள்ளுக்குப் போகும் வயரே பூட்டுப்படாமல் இருக்கலாம். மேட்டுப் பக்கமாகச் சரித்து நிறுத்திய வண்டியில் கொஞ்ச டீசல் இருந்தாலும் குழாய்க்கு எட்டாது.

2. கடைசியாகக் கை வைத்த இடம் எது? பில்டர் என்றால் பில்டர், பைப் என்றால் பைப். ரப்பர் வளையம் இரண்டாக இருக்கிறதா, மடிந்திருக்கிறதா, புது வளையம் பூட்டப்படவே இல்லையா என்று பாருங்கள். சில வண்டிகளில் பில்டரின் அடியில் தண்ணீர் காட்டும் ஒரு உறுப்பு உண்டு. அதைப் பழைய பில்டரிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்டுவார்கள். அதன் சின்ன வளையமும் காற்று விடக்கூடியது.

3. இரண்டு பைப்பும் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறதா? உள்ளே போகும் பைப்பையும் வெளியே வரும் பைப்பையும் மாற்றிப் பூட்டுவது சகஜம். கழற்றுவதற்கு முன் ஒரு பைப்பில் நூல் கட்டி வைத்தால் இந்தப் பிழை வராது. கிளிப் இறுக்கமா, பைப் மடிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

4. கைப்பம்பை அடியுங்கள். நல்ல வண்டியில் இருபது முப்பது தடவைக்குள் அது இறுகிவிடும். காற்று எடுக்கும் திருகு இருந்தால், அதைக் கொஞ்சம் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை அடித்து, அமுக்கிப் பிடித்தபடியே திருகை இறுக்குங்கள். எவ்வளவு அடித்தும் மெத்தென்றே இருந்தால், ஒன்று காற்று உள்ளே போகிறது, அல்லது டாங்கிப் பக்கமிருந்து டீசல் வரவில்லை.

5. டாங்கிப் பக்கமா, பில்டர் பக்கமா? பில்டருக்கு உள்ளே போகும் பைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு சுத்தமான பைப்பை மாட்டி, அதன் மறுமுனையைச் சுத்தமான டீசல் உள்ள கேனில் விடுங்கள். கைப்பம்ப் இறுகி வண்டியும் ஓடினால் கோளாறு டாங்கிக்கும் பில்டருக்கும் இடையில். அப்போதும் ஓடாவிட்டால் பில்டர் அல்லது அதற்கு அப்பால். வெள்ளைப் பிளாஸ்டிக் பைப் என்றால் காற்றுக் குமிழி போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

6. பம்பில் உள்ள வயர் பூட்டியிருக்கிறதா? பெரிய பம்பில் டீசலைத் திறந்து மூடும் ஒரு மின் வால்வு உண்டு. சாவியைத் திருப்பும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். பில்டர் மாற்றும்போது கைபட்டு அந்த வயர் கழன்றிருந்தால் டீசல் ஒரு சொட்டும் போகாது. சத்தம் இல்லையென்றால் வயரையும் பியூசையும் பாருங்கள்.

7. இவ்வளவும் சரி, இன்னும் பிடிக்கவில்லை என்றால் மெல்லிய குழாய்களில் காற்று நிற்கிறது. பழைய வகை என்ஜினில் நொசில் பக்கத்து நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குவார்கள். இது அனுபவமுள்ளவர் செய்யும் வேலை. 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு பரவலாக வந்த, கம்ப்யூட்டரால் இயங்கும் கொமன் ரெயில் டீசல் என்ஜினில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது. அதில் அமுக்கம் பல மடங்கு அதிகம். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உள்ளே சதை அழுகிக் கையையே எடுக்கவேண்டி வரலாம். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் ஏறிவிட்டது என்று டொக்டரிடம் சொல்லுங்கள்.

ஓட்டோவும் பெற்றோல் காரும்

பெற்றோல் வண்டிக்குக் காற்று அவ்வளவு பெரிய எதிரி அல்ல. இங்கே தேடவேண்டியது வேறு.

காபரேட்டர் சுத்தம் செய்த ஓட்டோ பிடிக்கவில்லையா? முதலில் பெற்றோல் திறக்கும் பிடியைப் பாருங்கள். வேலைக்காக மூடியதைத் திறக்க மறந்திருப்பார்கள். இது வெட்கப்படவேண்டிய விஷயம் அல்ல, பெரிய மெக்கானிக்மாருக்கும் நடப்பது. அடுத்து பைப் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பில்டரில் அம்புக்குறி இருந்தால் அது என்ஜின் பக்கம் பார்க்கவேண்டும்.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்து மணத்தால் பெற்றோல் அதிகமாகிவிட்டது, காபரேட்டருக்குள் உள்ள மிதவை ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிளக்கைத் துடைத்து, கொஞ்ச நேரம் காயவிட்டு, சோக் இல்லாமல் முயற்சி செய்யுங்கள். நனைந்தும் பிடிக்காவிட்டால் பிளக் வயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

காபரேட்டர் இல்லாத புதுக் கார்களில் பெற்றோல் பம்ப் டாங்கிக்குள்ளேயே இருக்கும். சாவியைப் போட்டதும் பின்சீட்டுப் பக்கம் ஓரிரு வினாடி "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் பம்ப் வயரின் இணைப்பு, பியூஸ், ரிலே ஆகியவற்றைப் பாருங்கள். டாங்கியில் வேலை செய்தவர் இணைப்பை மாட்ட மறந்திருக்கலாம். இந்தக் கார்களின் பெற்றோல் பைப்பைச் சும்மா கழற்றக்கூடாது. அமுக்கத்தோடு பெற்றோல் முகத்தில் அடிக்கும்.

இன்னொன்று. 2022 இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது வரிசையில் நின்று கேனில் வாங்கி வைக்கும் பழக்கம் பலருக்கும் ஏற்பட்டது. துருவும் தண்ணீரும் உள்ள கேனிலிருந்து ஊற்றினால் எத்தனை பில்டர் மாற்றினாலும் அடைக்கும். டீசல் வண்டிக்குப் பெற்றோலை மாற்றி ஊற்றிவிட்டால் சாவியைக்கூடப் போடாதீர்கள். டாங்கியைக் காலி செய்த பிறகுதான் மற்ற வேலை.

நெருப்பு

அம்மாமார், அக்காமார் இதைக் கட்டாயம் படியுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு ஊர்ந்து, காணுக்குள் இறங்கி, தூரத்தில் எரியும் அடுப்புக்கும் போகும். நம்முடைய லயக் காம்பிராவில் ஒரு பக்கம் விறகு அடுப்பு, மறுபக்கம் பிள்ளைகள். ஆகவே:

வீட்டுக்குள் பெற்றோல் கேன் வைக்க விடாதீர்கள்.

வாசலிலும் அடுப்படிப் பக்கத்திலும் பெற்றோல் வேலை செய்ய விடாதீர்கள். வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யட்டும்.

குப்பி விளக்கு, நெருப்புக்குச்சி, பீடி, சிகரட் எதுவும் கிட்ட வரக்கூடாது. வெளிச்சத்துக்கு டோர்ச் லைட் மட்டும்.

பைப்பை வாயால் உறிஞ்சி எண்ணெய் எடுக்கக்கூடாது. நெஞ்சுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பெற்றோல் சிந்திய இடத்தில் பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கக்கூடாது. சிந்தியதைத் துடைத்து, காய்ந்த பிறகுதான் பெட்டரியைத் தொடவேண்டும்.

உருட்டி ஸ்டார்ட் செய்வது பற்றியும் ஒரு வார்த்தை. என்ஜின் ஓடாத வண்டிக்கு பிரேக் பலமாக இருக்காது, ஸ்டியரிங்கும் இறுகும். ஆட்களை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் உருட்டவே கூடாது. ஓட்டோமெட்டிக் கியர் வண்டியை இப்படி ஸ்டார்ட் செய்யவும் முடியாது.

வண்டி வைத்திருக்கும் தம்பிமாருக்கு

பில்டர், பைப், டாங்கி வேலையைக் காலையில் செய்யுங்கள். பொழுதுபோகும் நேரத்தில் கழற்றாதீர்கள். செய்த பிறகு இரண்டு வளைவு போதாது. அரை மணித்தியாலம் ஏற்றத்தில் ஓட்டுங்கள். பிறகு இரண்டு மூன்று மணித்தியாலம் நிறுத்திவைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். அதிலும் நின்றுபோகாமல் ஓடினால்தான் வேலை முடிந்தது. என்றைக்கு எதைக் கழற்றினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். ராத்திரியில் உதவிக்கு வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியாக, என்னுடைய பிழையையும் சொல்லவேண்டும். அந்த ராத்திரி வேனைத் தள்ளுவதிலேயே நானும் நின்றேன். 1990 இலவச அம்புலன்ஸ் சேவைக்கு ஒரு கோல் எடுக்கவேண்டும் என்பது எனக்கே தோன்றவில்லை. "வேன்தான் இருக்கே" என்ற எண்ணம். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் அம்புலன்ஸ் வந்திருக்கலாம், அல்லது பாதி வழியிலாவது சந்தித்திருக்கலாம். மற்றவர்களுக்குப் படித்துக் கொடுக்கும் நான் மறந்துபோனேன்.

ஆகவே இனி எங்கள் டிவிசனில் ஒரு முறை வைத்திருக்கிறோம். ராத்திரியில் நோயாளி என்றால், ஒருவர் வண்டிக்காரரை எழுப்பும்போதே இன்னொருவர் சிக்னல் உள்ள மேட்டுக்குப் போய் 1990 க்கு அழைக்கவேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆனால் நல்லது. ஆகாவிட்டாலும் வழி இருக்கும். பிள்ளை பிறக்கப்போகும் வீடுகளில் கடைசி மாதத்திலேயே எந்த வண்டி, எந்த நம்பர் என்று மருத்துவமாதுவோடு பேசி எழுதி ஒட்டிவையுங்கள்.

அந்தக் குழந்தை இப்போது நடந்து திரிகிறது. அந்தப் பழைய ரப்பர் வளையத்தை வேன்காரத் தம்பி கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார். பில்டர் மாற்றும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறாராம். நீங்களும் உங்கள் வண்டியில் அடுத்த முறை கை வைக்கும்போது, கழற்றிய பழைய வளையம் கையில் வந்துவிட்டதா என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.